ஏபிஎஸ்-சிபிஎன்: ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பமும் அதன் தொலைக்காட்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸின் லோப்பஸ் குடும்பத்தின் கையில் இருக்கும் ஏபிஎஸ்-சிபிஎன், நாட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சி நிறுவனமாக இருமுறை வளர்ந்தது. இருமுறையும் அரசாங்கம் அதன் ஒளிபரப்பை நிறுத்தியது: 1972இல் ராணுவத்தை அனுப்பி, 2020இல் உரிமத்தைப் புதுப்பிக்காமல். இதைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

அந்த நீளமான பெயர் எங்கிருந்து வந்தது?

இரண்டு நிறுவனங்களின் பெயர்களைச் சேர்த்து ஒட்டியது. ஆல்ட்டோ பிராட்காஸ்டிங் சிஸ்டம் ஒன்று, கிரானிக்கிள் பிராட்காஸ்டிங் நெட்வொர்க் இன்னொன்று. ஆல்ட்டோ என்பது அதன் உரிமையாளர் அந்தோனியோ, அவர் மனைவி அலேலி ஆகியோரின் பெயர்களிலிருந்து எடுத்தது. கிரானிக்கிள் என்பது லோப்பஸ் குடும்பத்தின் நாளிதழான மணிலா கிரானிக்கிள்.

அப்படியானால் இதைத் தொடங்கியது லோப்பஸ் குடும்பம் இல்லையா?

பாதிதான். 1946இல் ஜேம்ஸ் லிண்டன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் பொலினாவ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். போர் முடிந்து மணிலா இடிபாடாகக் கிடந்த நேரம். வானொலி உதிரிபாகங்கள்தான் அப்போதைய தொழில். தொலைக்காட்சி தொடங்கும் அனுமதியை நாடாளுமன்றத்திடம் வாங்கிவிட்டாலும், கருவிகளை இறக்குமதி செய்ய முடியாமல் அவர் திணறினார். 1952இல் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியவர் அந்தோனியோ கிரினோ. அப்போதைய குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோவின் தம்பி. 1953 தேர்தலில் அண்ணனுக்குத் தொலைக்காட்சி கைகொடுக்கும் என்ற கணக்கில் அவர் இறங்கியதாகப் பரவலாகச் சொல்வார்கள்.

1953 அக்டோபர் 23 அன்று நாட்டின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு நடந்தது. ஒளிபரப்பியது என்ன தெரியுமா? கிரினோ வீட்டு விருந்து! அடுத்த மாதமே தேர்தலில் அண்ணன் மக்சாய்சாயிடம் தோற்றுப்போனார். தொலைக்காட்சி மட்டும் மிஞ்சியது.

லோப்பஸ் சகோதரர்கள் யூஹெனியோவும் ஃபெர்னாண்டோவும் 1956இல் கிரானிக்கிள் வானொலியைத் தொடங்கி, 1957இல் கிரினோவிடமிருந்து ஆல்ட்டோவையும் வாங்கினார்கள். காலை உணவு மேசையில், காகிதக் கைத்துடைப்பில் எழுதி முடித்த பேரம் என்று ஒரு கதை உண்டு. 1967இல் அதிகாரப்பூர்வப் பெயரும் ஏபிஎஸ்-சிபிஎன் ஆனது.

இந்த லோப்பஸ் குடும்பம் யார்? பணம் எங்கிருந்து வந்தது?

விசயாஸ் தீவுகளில் உள்ள இலோய்லோதான் பூர்வீகம். கரும்பு நிலமும் சர்க்கரை ஆலையும்தான் அடிப்படைச் சொத்து. ஆனால் பத்திரிகையும் அரசியலும் முந்தைய தலைமுறையிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டன. சகோதரர்களின் அப்பா பெனிட்டோ லோப்பஸ் இலோய்லோ ஆளுநராக இருந்தவர். எல் டியெம்போ என்ற பத்திரிகையை நடத்தியவர். சுடப்பட்டு, 1908இல் இறந்தார்.

பிள்ளைகள் அதே பத்திரிகையை வைத்து, ஹுவெட்டெங் என்ற சட்டவிரோத எண் சூதாட்டத்துக்கு மாகாண ஆளுநரே துணைபோவதாக எழுதித் தள்ளினார்கள். 1930இல் அந்த ஆளுநர் பதவி இழந்தார். அச்சு இயந்திரம் கையில் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை சகோதரர்கள் இளம் வயதிலேயே பார்த்துவிட்டார்கள். பிற்பாடு நடந்ததையெல்லாம் படிக்கும்போது இந்தச் சம்பவம் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அப்புறம் 1930களில் தீவுகளுக்கு இடையே விமான சேவை, 1947இல் மணிலா கிரானிக்கிள், 1960களின் தொடக்கத்தில் மணிலாவுக்கே மின்சாரம் கொடுக்கும் மெரால்கோ என்று சொத்து விரிந்தது. அண்ணன் யூஹெனியோ வியாபாரம் பார்த்தார். தம்பி ஃபெர்னாண்டோ அரசியலுக்குப் போய் இருமுறை துணைக் குடியரசுத் தலைவர் ஆனார்: முதலில் எல்பிடியோ கிரினோவிடம், பிறகு 1965 முதல் ஃபெர்டினாண்ட் மார்கோஸிடம்.

முதல் ஆட்டத்தில் நிறுவனம் எவ்வளவு வளர்ந்தது?

1958இல் இரண்டாவது சேனல். 1966இல் வண்ண ஒளிபரப்பு. 1968இல் மணிலாவை ஒட்டிய கெசான் சிட்டியின் பொஹோல் அவென்யூவில் பெரிய ஒளிபரப்பு மையம். செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, மின்சாரம் எல்லாம் ஒரே குடும்பத்திடம். எந்த ஆட்சியாளரையும் உறுத்தக்கூடிய நிலைமை இது. உறுத்துவதற்கு மார்கோஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

மார்கோஸை ஆதரித்தவர்கள்தானே? எப்போது முறிந்தது?

ஆதரித்தது மட்டுமில்லை, வீட்டுப் பிள்ளையையே துணைக்கு அனுப்பினார்கள். 1971 ஜனவரியில் முறிவு வெளிப்படையாக வெடித்தது. தெருவில் மாணவர் கிளர்ச்சியும் ஜீப்னி என்ற சிறு பேருந்துகளின் ஓட்டுநர் வேலைநிறுத்தமும் நடந்துகொண்டிருந்த மாதம் அது. பணக்காரச் சிறுகும்பல் ஒன்று தூண்டிவிடுவதாக மார்கோஸ் சொன்னார். ஃபெர்னாண்டோ அமைச்சரவையிலிருந்து விலகினார். குடும்பத்தின் பத்திரிகையும் சேனல்களும் மார்கோஸைக் கடுமையாகத் தாக்க ஆரம்பித்தன.

இதைக் கருத்துச் சுதந்திரப் போர் என்று மட்டும் எழுதுவது ஒருதலைப்பட்சம். ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களின் பங்குச் சண்டையும் அதில் கலந்திருந்தது. ஆனால் அதற்கு மார்கோஸ் கொடுத்த பதிலுக்கு எந்த நியாயமும் கிடையாது.

1972இல் என்ன நடந்தது?

செப்டம்பர் 23 அன்று ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. படையினர் நிலையங்களை மூடினார்கள். மணிலா கிரானிக்கிளும் நின்றது. நவம்பரில் யூஹெனியோவின் மூத்த மகன், நிறுவனத்தை நடத்திவந்த ஜெனி லோப்பஸ், மார்கோஸைக் கொல்லச் சதி செய்ததாகக் கைதானார்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. அமெரிக்காவில் இருந்த அப்பாவிடம் மெரால்கோ பங்குகளைக் கேட்டார்கள். மகன் வெளியே வருவான் என்று நம்பி அவர் விட்டுக்கொடுத்தார். மகனை விடவில்லை. 1974இல் ஜெனியும் உடன் அடைபட்டிருந்த செர்ஜியோ ஒஸ்மென்யாவும் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1975இல் அப்பா சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். 1977இல் இருவரும் சிறையிலிருந்து தப்பி, சிறு விமானத்தில் ஹாங்காங் போய், அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்தார்கள்.

பொஹோல் அவென்யூ கட்டடத்தில், மார்கோஸின் நண்பர் ரொபெர்த்தோ பெனெதிக்தோவின் நிறுவனம் குடியேறியது. அவர்களுடைய நிலையம் 1973இல் தீப்பிடித்து எரிந்துபோக, லோப்பஸ் கட்டிய ஸ்டுடியோ கைவசம் தயாராக இருந்தது. அரசின் சேனல் 4உம் அதே வளாகத்திலிருந்து இயங்கியது.

எப்போது திரும்பி வந்தார்கள்?

1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சி மார்கோஸை விரட்டியது. அந்த எழுச்சியின் நடுவே, 24ஆம் தேதி, கிளர்ச்சிப் படையினர் கைப்பற்றிய முக்கியமான இடங்களில் ஒன்று சேனல் 4. அதாவது, இந்தப் பழைய லோப்பஸ் வளாகம். அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று சேனல் 2இல் ஏபிஎஸ்-சிபிஎன் மறுபடி ஒளிபரப்பானது. சொந்தக் கட்டடத்தில் அரசுத் தொலைக்காட்சியோடு இடம் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. கருவிகள் பழசு. விளம்பரதாரர்களோ போட்டி சேனல்களிடம் இருந்தார்கள்.

கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு எப்படி வந்தது?

போட்டியாளரான ஜிஎம்ஏவிலிருந்து ஃபிரெடி கார்சியா என்ற நிர்வாகியை அழைத்துவந்தார்கள். நட்சத்திரங்களைச் சுற்றி நிகழ்ச்சிகளைக் கட்டுவது அவருடைய வழி. அதைவிட முக்கியமான முடிவு, என் பார்வையில், செய்தியின் மொழி. அதுவரை முக்கியச் செய்தி என்றால் பெரும்பாலும் ஆங்கிலம்தான். 1987 மார்ச்சில் தொடங்கிய டிவி பேட்ரோல் செய்தியை ஃபிலிப்பினோ மொழியில், தெருவில் பேசும் வேகத்தில் கொடுத்தது. குற்றம், விபத்து, ஊர்ப் பிரச்சினை எல்லாம் மாலை நேரத்துக்கு வந்தன. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வீடுகளில் அதைத்தான் வைத்தார்கள். அதன் செய்தி வாசிப்பாளர் நோலி டி காஸ்ட்ரோ 2004இல் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராகவே ஆகிவிட்டார். எத்தனை பேர் பார்த்திருந்தால் இது நடக்கும்!

1991இல் தொடங்கிய மாலாலா மோ காயா, பார்வையாளர்கள் எழுதியனுப்பும் கடிதங்களில் உள்ள உண்மைக் கதைகளை நாடகமாக்கியது. தொகுத்து வழங்கிய சாரோ சாந்தோஸ் பின்னாளில் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

வெறும் சேனல் எப்படிக் குழுமமாக மாறியது?

1990களில் ஒவ்வொரு படியையும் சொந்தமாக வைத்துக்கொண்டார்கள். 1992இல் நடிகர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து ஒப்பந்தத்தில் வைக்கும் பிரிவு, இன்றைய ஸ்டார் மேஜிக். 1993இல் ஸ்டார் சினிமா. 1994இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்களுக்கான சேனல், டிஎஃப்சி. 1995இல் இசை நிறுவனம். இவற்றோடு ஸ்கை கேபிள். நடுவே பங்குச் சந்தையிலும் இறங்கினார்கள்.

இது ஓடும் விதம் இப்படி. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பையனையும் பெண்ணையும் பயிற்சிக்கு எடுப்பார்கள். ஞாயிறு நிகழ்ச்சியில் ஆடவிடுவார்கள். ரசிகர்கள் எந்த ஜோடியைப் பார்த்துக் கத்துகிறார்களோ அதுதான் 'லவ் டீம்'. அந்த ஜோடிக்கு ஒரு டெலிசெரியே, அதாவது இரவு நேர நெடுந்தொடர். தொடரின் பாட்டு சொந்த இசை நிறுவனத்தில். தொடர் சூடாக இருக்கும்போதே ஸ்டார் சினிமாவில் படம். அப்புறம் துபாயிலும் கலிஃபோர்னியாவிலும் மேடை நிகழ்ச்சி. ஒவ்வொரு படியிலும் விளம்பரம். வெளியாளுக்குப் போகும் காசு மிகக் குறைவு.

குறை என்னவென்றால், லவ் டீமில் மாட்டிய நடிகர்கள் வேறு ஜோடியோடு நடிக்க நினைத்தாலே ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். கதைகளும் பணக்கார வில்லி, தொலைந்த குழந்தை, மாறிய அடையாளம் என்று சுற்றிச் சுற்றி வரும். நம்மூர் சீரியல் பார்த்தவர்களுக்கு எதுவும் புதிதாக இருக்காது.

வெளிநாட்டிலிருந்து உண்மையிலேயே வருமானம் வந்ததா?

வந்தது. பல லட்சம் பிலிப்பினோக்கள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். செவிலியர், கப்பல் பணியாளர், வீட்டு வேலைக்காரர் என்று. ஊரில் அம்மா பார்க்கும் தொடரை ரியாத்தில் மகளும் பார்க்க வேண்டும். அதற்கு அவர்கள் சந்தா கட்டினார்கள். சவூதியிலோ துபாயிலோ பிலிப்பினோக்களோடு வேலை செய்த தமிழர்களுக்கு டிஎஃப்சி பெயர் பரிச்சயமாக இருக்கும். 2000இல் தொடங்கிய பங்காகோ சா யோ என்ற தொடர் மலேசியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் மொழிமாற்றியோ வசன வரியோடோ ஓடியது.

தொழிலாளர் விஷயத்தில் கெட்ட பெயர் உண்டாமே?

உண்டு. பலரை நிரந்தர ஊழியர் ஆக்காமல் 'டேலன்ட்' என்ற பெயரில் ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் ஒரு பிரபலத் தொகுப்பாளர் வழக்கில் அவர் ஊழியர் அல்ல, தன்னிச்சையான ஒப்பந்தக்காரர் என்று தீர்ப்பளித்தது. 2006இல் தயாரிப்பு உதவியாளர்கள் தொடுத்த வழக்கில் அவர்கள் நிரந்தர ஊழியர்களே என்றது. பெயர் பெற்றவருக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது, கேபிள் சுருட்டுகிறவருக்கு இல்லை. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் பொருத்தமாகவே இருக்கிறது.

இன்னொரு கறை 2006 பிப்ரவரி. வோவோவி என்ற பரிசு நிகழ்ச்சியின் முதலாண்டு விழாவுக்கு பாசிக் அரங்கத்தின் வாசலில் ஏழைக் கூட்டம் திரண்டு, நெரிசலில் 70 பேருக்கு மேல் இறந்தார்கள்.

குடும்பத்தில் யார் எப்போது பொறுப்பேற்றார்கள்?

ஜெனி 1999இல் காலமானார். அதற்கு முன்பே, 1997இல், அவர் மகன் கேபி லோப்பஸ் தலைவரானார். 2018இல் உறவினர் மார்க் லோப்பஸ். குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த கார்லோ கடிக்பாக் 2016இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். ஜெனியின் மகள் ஜினா லோப்பஸ் அறக்கட்டளையை நடத்தினார். சுரங்கங்களை எதிர்த்த சுற்றுச்சூழல் அமைச்சராகவும் சில மாதங்கள் இருந்தார். மெரால்கோவில் இருந்த பிடியை 2009க்குப் பிறகு குடும்பம் படிப்படியாக விட்டுவிட்டது.

ஒளிபரப்புக்கு நாடாளுமன்ற அனுமதி எதற்கு?

அங்கே சட்டம் அப்படி. 1931ஆம் ஆண்டு வானொலிச் சட்டத்தின்படி ஒளிபரப்புக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உரிமம் கொடுக்க வேண்டும். ஏபிஎஸ்-சிபிஎன்னுக்கு 1995இல் 25 ஆண்டு உரிமம் கிடைத்தது. முடிவு தேதி 2020 மே 4. பத்திரிகை நடத்த இந்த அனுமதி தேவையில்லை. ஆகவே செய்தித்தாளைவிட தொலைக்காட்சிக்கு அரசியல்வாதியிடம் பயம் அதிகம்.

டுடெர்டேவுக்கு இவர்கள் மீது என்ன கோபம்?

ரொட்ரிகோ டுடெர்டே 2016 தேர்தலில் வென்று குடியரசுத் தலைவர் ஆனவர். அந்தத் தேர்தலில் தான் பணம் கட்டிய விளம்பரங்களில் சிலவற்றை ஒளிபரப்பவில்லை என்றும், தன்னைத் தாக்கிய விளம்பரத்தை ஓட்டினார்கள் என்றும் அவர் குறைப்பட்டார். பதவிக்கு வந்ததும் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று மேடையிலேயே சொன்னார். இதே டுடெர்டே 2017இல் ஜிஎம்ஏவின் உரிமத்துக்குக் கையெழுத்திட்டார்.

2020 பிப்ரவரியில் சொலிசிட்டர் ஜெனரல் ஹோசே கலிதா, வெளிநாட்டவருக்குப் பங்குரிமைச் சீட்டு விற்றது அரசியல் சட்ட மீறல் என்று உச்ச நீதிமன்றம் போனார். ஊடகம் முழுக்கப் பிலிப்பினோக்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதே மாதம் மேலவை விசாரணையில் கடிக்பாக் டுடெர்டேவிடம் மன்னிப்புக் கேட்டார். அவரும் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். அந்த விசாரணையில் வரித்துறை அதிகாரி பாக்கி இல்லை என்றார். பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பும் மீறல் எதையும் சுட்டவில்லை.

பிறகு ஏன் மூடினார்கள்?

உரிமத்தைப் புதுப்பிக்கும் மசோதாவைக் கீழவை எடுக்காமலே இழுத்தடித்தது. உரிமம் காலாவதியான மறுநாள், 2020 மே 5, தேசியத் தொலைத்தொடர்பு ஆணையம் நிறுத்த உத்தரவிட்டது. இரவு 7:52க்கு திரை இருண்டது. பெருந்தொற்றுக்கு ஊரடங்கு, எல்லாரும் வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த காலம். ஜூலை 10 அன்று கீழவைக் குழு 70–11 என்ற வாக்கில் உரிமத்தை மறுத்தது.

சுமார் 11,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள். வட்டாரச் செய்திகள் எல்லாம் நின்றன. மணிலாக்காரருக்கு இது சேனல் மாற்றும் விஷயம். ஆனால் வேறு சேனல் எதுவும் எட்டாத தீவுகளும் மலைக்கிராமங்களும் இருந்தன. அந்த நவம்பரில் அடுத்தடுத்துப் புயல்கள் அடித்தபோது இந்த வெற்றிடம் பெரிய பேச்சானது.

ஒளிபரப்பு இல்லாமல் எப்படிப் பிழைத்தது?

அலைவரிசை போனாலும் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் மிச்சம் இருந்தார்கள். ஜூன் 2020லேயே கபமில்யா சேனலைக் கேபிளில் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் ஜோ என்ற கிறித்தவ நிறுவனத்தின் அலைவரிசையில் நேரம் வாங்கி ஏ2இசட் தொடங்கியது. 2021 ஜனவரியில் டிவி5 என்ற இன்னொரு சேனலிலும் நிகழ்ச்சிகள் வர ஆரம்பித்தன. யூடியூபும் சொந்தச் செயலியும் வேறு. 2015இல் தொடங்கிய ஆங் ப்ரொபின்சியானோ என்ற போலீஸ் தொடர், இத்தனை களேபரத்தையும் தாண்டி 2022 ஆகஸ்ட் வரை ஓடியது.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 2020இல் மட்டும் நஷ்டம் ஏறக்குறைய 1,350 கோடி பெசோ. 2022இல் டிவி5இல் 216 கோடி பெசோவுக்குப் பங்கு வாங்கப் போட்ட ஒப்பந்தம், அரசியல்வாதிகள் ஆட்சேபித்ததும் சில வாரங்களில் கைவிடப்பட்டது. ஸ்கை கேபிளை 675 கோடிக்கு விற்கும் பேச்சும் 2024இல் முறிந்தது.

ஜிஎம்ஏவோடு பகை தீர்ந்துவிட்டதா?

பார்வையாளர் எண்ணிக்கை அளவீட்டில் மோசடி என்று 2007இல் நீதிமன்றம்வரை போன பகை அது. சரி, இப்போது பாருங்கள்: மதிய நிகழ்ச்சியான இட்ஸ் ஷோடைம் 2024 ஏப்ரலில் ஜிஎம்ஏவிலேயே வர ஆரம்பித்தது. 2025இல் பினோய் பிக் பிரதரை இருவரும் சேர்ந்தே நடத்தினார்கள். 2024 நவம்பரில் இருவரும் கூட்டாகத் தயாரித்த ஹலோ லவ் அகெய்ன், உலக வசூலில் 100 கோடி பெசோவைத் தாண்டிய முதல் பிலிப்பினோ படமானது. இருவருக்கும் நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும்தான் இப்போது எதிரி என்பதால் வந்த நட்பு என்றே தோன்றுகிறது.

இளைஞர்களிடம் இன்னும் எடுபடுகிறதா?

பினி என்ற எட்டுப் பெண்கள் குழுவைப் பாருங்கள். நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் உருவாகி, ஒளிபரப்பு போன பிறகு 2021இல் அறிமுகமானது. கொரிய பாணிப் பயிற்சி, ஃபிலிப்பினோ பாட்டு. 2025 பிப்ரவரியில் பிலிப்பைன் அரீனாவில் கச்சேரி நடத்தினார்கள்.

அந்தப் பழைய வளாகம் என்ன ஆனது?

2025 பிப்ரவரியில் கெசான் சிட்டி வளாகத்தின் பெரும்பகுதியை, ஏறக்குறைய 30,000 சதுர மீட்டரை, அயாலா லேண்ட் நிறுவனத்துக்கு 624 கோடி பெசோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். கடனை அடைக்கத்தான். ஜெனி லோப்பஸ் பெயரிலுள்ள கட்டடத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள்.

சேனல் 2 அலைவரிசை யாரிடம் இருக்கிறது?

2022 ஜனவரியில் அதை வில்லார் குடும்பத்தின் நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். ரியல் எஸ்டேட் அதிபர் மானுவேல் வில்லார் முன்னாள் மேலவைத் தலைவர். அவர்கள் தொடங்கிய ஆல்டிவி தடுமாறியது. 2024இல் அதே சேனல் 2இல் டிவி பேட்ரோல் மறுபடி ஒளிபரப்பானது, இம்முறை வில்லாரின் சேனலில், ஏபிஎஸ்-சிபிஎன் நிகழ்ச்சி கொடுக்கும் நிறுவனமாக.